இரு பக்கமும் ஒரே மாதிரி அடிக்க வேண்டுமா? டென்னிஸில் ஃபோர்ஹேண்ட், பேக்ஹேண்ட் பாணியைத் தேர்ந்தெடுக்க முழுமையான வழிகாட்டி

போன மாதம் ஒரு காலை, ஆறரை மணி இருக்கும். பத்து வயதுப் பெண் ஒருத்தி கோர்ட்டின் பின்கோடான பேஸ்லைனில் நின்று அடித்துக்கொண்டிருந்தாள். வலப்பக்கம் (ஃபோர்ஹேண்ட்) வந்தாலும் இரண்டு கை, இடப்பக்கம் (பேக்ஹேண்ட்) வந்தாலும் இரண்டு கை. பந்து ராக்கெட்டின் நடுவில் பட்டு, ‘டொக்’ என்று கனமான சத்தத்தோடு போனது. வேலிக்கு வெளியே நின்ற அவளுடைய அப்பா என்னிடம் தயங்கித் தயங்கிக் கேட்டார்: “சார், ஃபோர்ஹேண்டுக்கும் ரெண்டு கையையும் போடுறா. தப்புன்னு எல்லாரும் சொல்றாங்க. இப்பவே மாத்திடலாமா?”

நான் உடனே பதில் சொல்லவில்லை. முன்பொரு முறை அவசரப்பட்டுத் தவறு செய்தவன் நான். நல்ல இரட்டைக் கை பேக்ஹேண்ட் வைத்திருந்த பன்னிரண்டு வயதுப் பையனை, ஒற்றைக் கை பேக்ஹேண்டின் அழகில் எனக்கிருந்த ஆசையால் மாற்றிவிட்டேன். தோள் உயரத்துக்கு எழும்பும் ஒவ்வொரு பந்திலும் இரண்டு வருடம் தடுமாறிவிட்டு, அவன் பழைய முறைக்கே திரும்பினான். அந்த இரண்டு வருடத்தை நான் அவனுக்குத் திருப்பித் தர முடியாது. அதனால்தான் இதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

வலக்கை ஆட்டக்காரரை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன். இடக்கைக்காரர்கள் இடம் வலம் மாற்றிப் படித்துக்கொள்ளுங்கள்.

எதில் சமச்சீர்?

இரண்டு பக்கமும் ஒரே மாதிரி அடிப்பது சமச்சீர், வேறு வேறாக அடிப்பது சமச்சீரற்றது என்றுதான் பொதுவாக நினைக்கிறோம். ஆனால் எதை வைத்து ஒரே மாதிரி என்கிறோம்? கைகளின் எண்ணிக்கையையா, பிடியையா, உடம்பு இயங்கும் விதத்தையா?

இன்று மிகப் பெரும்பாலானோர் ஆடுவது ஒற்றைக் கை ஃபோர்ஹேண்ட், இரட்டைக் கை பேக்ஹேண்ட். ஜோகோவிச், அல்கராஸ், சின்னர், ஸ்வியான்டெக், சபலென்கா எல்லோரும் இந்த வகை. பார்க்கச் சமச்சீரற்றது. ஆனால் நல்ல இரட்டைக் கை பேக்ஹேண்டை உற்றுப் பாருங்கள். மேலே இருக்கும் இடக்கைதான் பந்தை அடிக்கிறது, வலக்கை கீழே நின்று துணை செய்கிறது. அதாவது அது இடக்கை ஃபோர்ஹேண்ட். அந்தக் கணக்கில் இது உள்ளுக்குள் சமச்சீரான ஆட்டம்.

இரண்டு பக்கமும் ஒற்றைக் கை என்பது ஃபெடரர், வாவ்ரிங்கா, ஜஸ்டின் எனான் ஆடிய ஆட்டம். சென்னை ஓப்பன் நுங்கம்பாக்கத்தில் நடந்த காலத்தில் வாவ்ரிங்கா 2011, 2014, 2015, 2016 என்று நான்கு முறை பட்டம் வென்றார். அந்த பேக்ஹேண்டை நேரில் பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். எண்ணிக்கையில் இது சமச்சீர்தான், இரு பக்கமும் ஒரு கை. ஆனால் உடம்பைக் கேட்டால் இதைவிட வித்தியாசமான இரண்டு அடிகள் கிடையாது. ஃபோர்ஹேண்டில் உள்ளங்கை கைப்பிடியின் பின்னால் நின்று தள்ளுகிறது, மார்புத் தசை வேலை செய்கிறது. பேக்ஹேண்டில் விரல் முட்டிகள் முன்னே போகின்றன, தோளின் பின்புறத் தசை இழுக்கிறது.

இரு பக்கமும் இரட்டைக் கை என்பது மோனிகா செலஸ், மரியோன் பார்த்தோலி, ஃபாப்ரிஸ் சான்டோரோ, தைவானின் ஷியே சு-வெய் ஆகியோரின் வழி. 1992 பிரெஞ்சு ஓப்பன் இறுதியில் செலஸ் ஸ்டெஃபி கிராஃபை 6-2, 3-6, 10-8 என்று வென்றார். டென்னிஸின் மிகச் சமச்சீரான ஆட்டமும் மிகச் சமச்சீரற்ற ஆட்டமும் மோதிய போட்டி அது. கிராஃபிடம் ஒரு பக்கம் பயங்கரமான ஃபோர்ஹேண்ட், மறுபக்கம் பந்தின் அடியை வெட்டி அடிக்கும், தாழ்வாக வழுக்கிப் போகும் ஒற்றைக் கை ஸ்லைஸ். அந்த ஆட்டத்தைப் பார்த்த பார்த்தோலியின் தந்தை தன் மகளுக்கும் அதே பாணியைக் கற்றுக்கொடுத்தார். 2013-ல் ஒரு செட் கூட இழக்காமல் பார்த்தோலி விம்பிள்டன் வென்றார்.

அபூர்வமானவர்களும் உண்டு. 1955 விம்பிள்டன் இறுதிக்கு வந்த பெவர்லி பேக்கர் ஃபிளைட்ஸுக்கு பேக்ஹேண்டே கிடையாது. ராக்கெட்டைக் கை மாற்றி இரண்டு பக்கமும் ஃபோர்ஹேண்ட் அடித்தார். ஆஸ்திரேலியாவின் ஜான் பிராம்விச் வலக்கையால் சர்வ் போட்டு, இடப்பக்கம் இடக்கையால் ஃபோர்ஹேண்ட் அடித்து, வலப்பக்கம் இரண்டு கையாலும் அடித்தார். ஈக்வடாரின் பான்சோ செகுராவுக்கு ஃபோர்ஹேண்டுக்கு மட்டும் இரண்டு கை.

இத்தனை பேரும் ஜெயித்திருக்கிறார்கள் என்றால் தோற்றம் முக்கியமில்லை. நான் பார்ப்பது ஒன்றே ஒன்று: நேரம். எதிராளி அடித்த பந்து உங்களிடம் வந்து சேர ஏறக்குறைய ஒரு விநாடி, கொஞ்சம் கூட இருக்கலாம். அதற்குள் இரண்டு பக்கமும் ஒரே வேகத்தில் தயாராக முடிகிறதா? முடிந்தால் அது சமச்சீரான ஆட்டம். மற்றதெல்லாம் எப்படி வேண்டுமானாலும் இருக்கலாம். கீழே வரும் படிகள் எல்லாம் இதைச் சுற்றித்தான்.

படி 1: உங்கள் உடம்பைச் சோதியுங்கள்

மூன்று சோதனைகள், மொத்தம் இருபது நிமிடம்.

முதலில் இடக்கை. ராக்கெட்டை இடக்கையால் மட்டும், கைப்பிடியின் மேல் பாதியில் பிடித்து, வலைக்கும் பேஸ்லைனுக்கும் நடுவே இருக்கும் சர்வீஸ் கோட்டில் நில்லுங்கள். நண்பர் ஒருவர் இடப்பக்கமாக மெதுவாகப் பந்து போடட்டும். இருபது பந்தில் எத்தனை வலையைத் தாண்டி உள்ளே விழுகின்றன என்று எண்ணுங்கள். பத்துக்கு மேல் விழுந்தால் இரட்டைக் கை பேக்ஹேண்ட் உங்களுக்குச் சீக்கிரம் வரும். ஐந்துகூட விழவில்லையென்றால் வராது என்று அர்த்தமில்லை, இடக்கைக்குத் தனிப் பயிற்சி வேண்டும் என்றுதான் அர்த்தம்.

அடுத்தது ஃபிரிஸ்பீ. பிளாஸ்டிக் தட்டு ஒன்றை வலக்கையால் உடம்புக்குக் குறுக்கே கொண்டுபோய் வீசுங்கள். தோள் திரும்பி, கை நீண்டு, தட்டு நேராகப் போகிறதா? அப்படியானால் ஒற்றைக் கை பேக்ஹேண்டுக்கான அசைவு உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. முழங்கையை மட்டும் விசிறுவதுபோல் வீசினால் இப்போதைக்கு அந்த அடி வேண்டாம்.

மூன்றாவது, எட்டும் தூரம். ராக்கெட்டை ஒரு கையால் பிடித்துப் பக்கவாட்டில் நீட்டி, முனை எங்கே தொடுகிறது என்று தரையில் சாக்பீஸால் குறியுங்கள். பிறகு இரண்டு கையால் பிடித்து நீட்டுங்கள். இரண்டு குறிகளுக்கும் நடுவே இருக்கும் இடைவெளியை நீங்கள் காலால்தான் ஈடுகட்ட வேண்டும். இரு பக்கமும் இரட்டைக் கை ஆடுபவருக்கு இது இரண்டு பக்கமும் சேர்ந்து வருகிறது. ஓட்டம் பிடிக்காதவர்கள் அந்தப் பாணிக்குப் போக வேண்டாம்.

படி 2: பிடியை எண்ணால் கற்றுக்கொள்ளுங்கள்

பலரும் தோற்பது இந்த இடத்தில்தான், அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம். ராக்கெட்டின் விளிம்பு தரையைப் பார்க்கும்படி நிறுத்தி, கைப்பிடியின் அடிப்பக்கத்திலிருந்து பாருங்கள். எட்டுப் பட்டைகள் தெரியும். மேலே இருப்பது 1. அங்கிருந்து கடிகாரம் சுற்றும் திசையில் 2, 3 என்று எண்ணுங்கள். ஆள்காட்டி விரலின் அடி முட்டி எந்தப் பட்டையில் உட்காருகிறதோ அதுதான் உங்கள் பிடி.

2-ல் உட்கார்ந்தால் கான்டினென்டல். 3 ஈஸ்டர்ன், 4 செமி-வெஸ்டர்ன், 5 வெஸ்டர்ன். இவை ஃபோர்ஹேண்டுக்கு. ஒற்றைக் கை பேக்ஹேண்டுக்கான ஈஸ்டர்ன் பிடி 1-ல் இருக்கிறது.

இப்போது கணக்கைப் பாருங்கள். ஒரு பட்டைக்கு 45 டிகிரி. செமி-வெஸ்டர்னில் ஃபோர்ஹேண்ட் அடித்துவிட்டு ஒற்றைக் கை பேக்ஹேண்டுக்குப் போக 4-லிருந்து 1-க்கு வர வேண்டும், மூன்று பட்டை, 135 டிகிரி. இரட்டைக் கை பேக்ஹேண்டில் கீழ்க்கை 4-லிருந்து 2-க்கு வந்தால் போதும், 90 டிகிரி. அது சரியாக வந்து சேராவிட்டாலும் மேலே இருக்கும் இடக்கை காப்பாற்றிவிடும். ஒற்றைக் கையில் காப்பாற்ற யாருமில்லை. வேகமான சர்வை எதிர்கொள்ளும்போது ஒற்றைக் கைக்காரர்கள் ஸ்லைஸ் செய்து திருப்பி அனுப்புவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

பிடியை மாற்றவே வேண்டாம் என்று நினைப்பவர்களுக்கு மூன்று வழிகள் இருந்திருக்கின்றன. ஜான் மெக்கன்ரோ எல்லா அடிக்கும் கான்டினென்டல் பிடித்தார். புல்தரையில், தாழ்வாக வரும் பந்தில் அது அற்புதமாக இருந்தது. ஆனால் முன்னோக்கிச் சுழன்று உயரமாக எழும்பும் இன்றைய டாப்ஸ்பின் பந்தை அந்தப் பிடியில் ஃபோர்ஹேண்ட் அடிப்பது மிகக் கஷ்டம். அடுத்தவர் ஸ்பெயினின் ஆல்பெர்ட்டோ பெரசாதெகி, 1994 பிரெஞ்சு ஓப்பன் இறுதி வரை வந்தவர். வெஸ்டர்னையும் தாண்டிய பிடி அவருடையது. 5-ம் பட்டையும் 1-ம் பட்டையும் நேர் எதிரெதிர். அதனால் அந்தப் பக்கம் போய்விட்ட கையை அப்படியே திருப்பினால் பேக்ஹேண்ட் பிடி கிடைத்துவிடும், ராக்கெட்டின் ஒரே முகத்தாலேயே இரண்டு அடியும் அடிக்கலாம். மணிக்கட்டுக்கு அது பெரிய சுமை, குழந்தைகளுக்குச் சொல்லித்தராதீர்கள். மூன்றாவது வழி இரு பக்கமும் இரட்டைக் கை.

அதிலும் ஒரு முடிவு எடுக்க வேண்டும். வலக்கை கீழே, இடக்கை மேலே என்று வைத்த கையை அசைக்காமல் இரு பக்கமும் அடிக்கலாம். நேரம் மிச்சம், ஆனால் வலப்பக்கம் அடிக்கும்போது கைகள் குறுக்கே வந்து எட்டும் தூரம் குறையும். இல்லையென்றால் வலப்பக்கத்துக்கு வலக்கை மேலே, இடப்பக்கத்துக்கு இடக்கை மேலே என்று ஒவ்வொரு முறையும் மாற்றலாம். கண்ணாடியில் பார்ப்பதுபோல் அசல் சமச்சீர் அதுதான். ஆனால் உடம்புக்கு நேராக வேகமாக வரும் பந்தில் கைகள் மாட்டிக்கொள்ளும். நான் குழந்தைகளை முதல் வழியில்தான் விடுகிறேன்.

எந்தப் பாணியானாலும் ஒரு பழக்கம் கட்டாயம். காத்திருக்கும்போது இடக்கை ராக்கெட்டின் கழுத்தில் இருக்கட்டும். பிடி மாறும்போது வலக்கை கைப்பிடியைத் தேடக் கூடாது. வலக்கை தளர்ந்து நிற்க, இடக்கை ராக்கெட்டைத் திருப்பித் தர வேண்டும். டிவி பார்க்கும்போது சோஃபாவில் உட்கார்ந்தே பழகலாம். ‘ஃபோர்’, ‘பேக்’ என்று வீட்டில் யாராவது சொல்லச் சொல்ல, பார்க்காமல் மாற்றிவிட்டு அப்புறம் குனிந்து பட்டையைச் சரிபாருங்கள். ஒரு வாரத்தில் கைக்கு வந்துவிடும்.

படி 3: இடக்கையை வளருங்கள்

இரட்டைக் கை பேக்ஹேண்ட் ஆடப்போகிறவர்களுக்கு நான் தரும் பயிற்சி இது ஒன்றுதான். தினமும் முதல் பத்து நிமிடம் சர்வீஸ் கட்டத்துக்குள் இடக்கையால் மட்டும் ஃபோர்ஹேண்ட். இடக்கையின் முட்டி 7-ல் அல்லது 6-ல் இருக்க வேண்டும், அதாவது வலக்கையின் 3, 4 பிடிகளின் கண்ணாடிப் பிம்பம். பந்து தொடர்ந்து உள்ளே விழ ஆரம்பித்ததும் கைப்பிடியின் அடியில் வலக்கையின் இரண்டு விரலை மட்டும் வையுங்கள். அடுத்த வாரம் முழுக் கை.

வலக்கை அதிகாரம் பண்ண ஆரம்பித்தால் உடனே தெரியும். பந்து வலையில் விழும், அல்லது உடம்பு சுழலாமல் இரண்டு கையும் பந்தை நெட்டித் தள்ளும். மறுபடியும் இடக்கைக்கே திரும்புங்கள்.

படி 4: பந்தைச் சந்திக்கும் இடம்

முன்காலின் கட்டைவிரலுக்கு நேரே தரையில் ஒரு கோடு போடுங்கள். இரட்டைக் கை பேக்ஹேண்டில் பந்தைச் சந்திக்கும் இடம் அந்தக் கோட்டுக்குச் சற்று முன்னால். ஒற்றைக் கையில் கோட்டைத் தாண்டி ஏறக்குறைய ஒரு அடி முன்னால், கை முழுவதும் நீண்டிருக்க வேண்டும். முன்னால் சந்திக்க வேண்டுமென்றால் முன்னதாகவே தொடங்க வேண்டும். ஒற்றைக் கைக்காரர் ஃபோர்ஹேண்டுக்குத் திரும்பும் அதே நேரத்தில் பேக்ஹேண்டுக்கும் திரும்பினால் அது தாமதம்தான்.

தாமதத்தின் விலை முழங்கையில் தெரியும். மணிக்கட்டு மடங்கியபடி, உடம்புக்குப் பக்கத்தில், பின்தங்கி அடிக்கும் ஒற்றைக் கை பேக்ஹேண்ட் முழங்கையின் வெளிப்புறத் தசைநாண்களை வருத்தும். டென்னிஸ் எல்போ என்று நாம் சொல்லும் வலிக்கு அது நேர்வழி. நாற்பது வயதுக்கு மேல் ஆட வருகிறவர்களிடம் இரட்டைக் கையையே முதலில் பார்க்கச் சொல்வது இதற்காகத்தான்.

இப்போது கட்டுரையின் மையத்தில் இருக்கும் அளவீடு. ஃபோனை உங்களுக்குப் பின்னால் வேலியில் கட்டி, ஸ்லோமோஷனில் பத்து ஃபோர்ஹேண்ட், பத்து பேக்ஹேண்ட் எடுங்கள். ஒவ்வொன்றிலும் இரண்டு தருணங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: உங்கள் தோள் முழுவதும் திரும்பி முடிந்த கணம், பந்து உங்கள் பக்கம் தரையில் பட்ட கணம். தோள் முதலில் முடிய வேண்டும், பந்து பிறகுதான் தரையில் பட வேண்டும். ஃபோர்ஹேண்டில் பத்துக்கு எட்டு சரியாக வந்து, பேக்ஹேண்டில் மூன்றுதான் வருகிறதென்றால், உங்கள் பேக்ஹேண்ட் பலவீனம் என்று நீங்கள் நினைத்ததெல்லாம் வெறும் தாமதம். ஸ்விங்கில் கை வைக்காதீர்கள். எதிராளியின் ராக்கெட்டில் பந்து படும்போது ஸ்பிளிட் ஸ்டெப் (கால்களை அகட்டி ஒரு சின்னத் துள்ளல்), பந்து வலையைத் தாண்டும்போது தோள் திரும்பியிருப்பது, இந்த இரண்டை மட்டும் இரண்டு வாரம் பழகிவிட்டு மறுபடியும் படமெடுங்கள்.

படி 5: எங்கே நிற்பது

ஒற்றையர் பிரிவுக் கோர்ட்டின் அகலம் 8.23 மீட்டர். நடுவில் நிற்க வேண்டும் என்று சட்டமில்லை. ஃபோர்ஹேண்ட் ஓங்கிய ஆட்டக்காரர் நடுக்கோட்டுக்கு ஓரடி இடப்பக்கம் தள்ளி நிற்கலாம், அப்படி நின்றால் நடுவில் வரும் பந்துகள் எல்லாம் ஃபோர்ஹேண்டுக்கே வரும். இரு பக்கமும் சமமானவர் நடுவில் நிற்கட்டும்.

இரு பக்கமும் இரட்டைக் கை ஆடுபவர் இட வலத்தைவிட முன் பின்னைத்தான் யோசிக்க வேண்டும். எட்டும் தூரம் குறைவு என்பதால் பின்னால் நின்றால் பந்து விரிந்து விலகிப்போய்விடும். பேஸ்லைனை ஒட்டி, முடிந்தால் அதற்குள்ளேயே நின்று, எழும்பும்போதே அடிக்க வேண்டும். செலஸ் அப்படித்தான் ஆடினார். எந்தப் பக்கம் அடிக்கப்போகிறார் என்று கடைசிக் கணம் வரை தெரியாது, கோணமும் மிகக் கூர்மையாக இருக்கும். இந்தப் பாணியின் பலம் முழுக்க இதில்தான் இருக்கிறது. பின்னால் நின்று ஆட ஆசைப்படும் குழந்தைக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

படி 6: மூன்று தொல்லைப் பந்துகள்

தோள் உயரப் பந்து ஒற்றைக் கை பேக்ஹேண்டின் பரம எதிரி. பாரிஸ் களிமண்ணில் நடால் வருடக்கணக்காக ஃபெடரரின் பேக்ஹேண்டுக்கு உயரமான டாப்ஸ்பின்னை அனுப்பிக்கொண்டே இருந்தார். ஃபெடரர் 90 சதுர அங்குல ராக்கெட்டிலிருந்து 97-க்கு மாறி, எழும்பும்போதே அடிக்கத் துணிந்த பிறகுதான் 2017 ஆஸ்திரேலிய ஓப்பன் இறுதியில் அதே பந்துகள் வேறு மாதிரி திரும்பிப் போயின. உங்களுக்கும் வழி அதுதான்: முன்னே வந்து எடுங்கள், இல்லை ஸ்லைஸ் செய்யுங்கள். பின்வாங்கி டாப்ஸ்பின் அடிக்க முயலாதீர்கள். 2024 பிப்ரவரியில், ஆண்கள் தரவரிசை 1973-ல் தொடங்கியதிலிருந்து முதல் முறையாக, முதல் பத்து இடத்தில் ஒற்றைக் கை பேக்ஹேண்ட்காரர் ஒருவர்கூட இல்லாமல் போனார்கள். அதற்கு இந்த உயரப் பந்து பெரிய காரணம் என்று நம்புகிறேன்.

ஓரத்துக்கு ஓடும் பந்துக்கு, எந்தப் பாணிக்காரரும் ஒரு கையை விடக் கற்றுக்கொள்ள வேண்டும். இரு பக்கமும் இரட்டைக் கை ஆடுபவருக்கு இரண்டு பக்கமும் ஒற்றைக் கை ஸ்லைஸ் வேண்டும். வலையருகே வாலிக்கு (பந்து தரையில் படும் முன்பே அடிப்பதற்கு) எல்லோருக்கும் கான்டினென்டல்.

உடம்புக்கு நேரே வரும் பந்துக்கு முன்கூட்டியே முடிவெடுத்து வையுங்கள்: பேக்ஹேண்ட்தான் என்று. முழங்கை உடம்பில் இடிக்காமல் அடிக்க அதில்தான் இடம் கிடைக்கும்.

படி 7: மாற்றுவதா, வேண்டாமா

பீட் சாம்ப்ரஸ் பதினான்கு வயது வாக்கில்தான் இரட்டைக் கையிலிருந்து ஒற்றைக் கைக்கு மாறினார். ஸ்டீஃபன் எட்பெர்கும் அப்படி மாறியவர்தான். இதைக் காட்டி மாற்றச் சொல்கிறவர்கள், இருவரும் சர்வ் போட்டு வலைக்கு ஓடும் ஆட்டத்துக்காக மாறினார்கள் என்பதைச் சொல்வதில்லை. அந்த ஆட்டத்துக்கு ஸ்லைஸும் வாலியும் உயிர். பேஸ்லைனில் நின்று ஆடும் குழந்தைக்கு அந்தக் காரணம் பொருந்தாது. நடால் சிறுவனாக இருந்தபோது இரு பக்கமும் இரண்டு கையால் அடித்தவர், பிறகு ஃபோர்ஹேண்டில் ஒரு கையை விட்டார்.

குழந்தைகள் இரண்டு கையைப் போடுவது பெரும்பாலும் ராக்கெட் கனமாக இருப்பதால்தான். அதனால் பாணியை மாற்றும் முன் ராக்கெட்டையும் பந்தையும் மாற்றிப் பாருங்கள். பத்து வயதுக்குட்பட்டோர் போட்டிகளில் வழக்கமான மஞ்சள் பந்து கூடாது என்று சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பு 2012-லேயே விதி கொண்டுவந்தது. சிவப்பு, ஆரஞ்சு, பச்சை என்று மெதுவான பந்துகள் இருக்கின்றன. வயதுக்கேற்ற பந்தும் ராக்கெட்டும் கொடுத்த பிறகு, குழந்தை தானாகவே ஒரு கையை விடுகிறதா என்று ஒரு மாதம் கவனியுங்கள்.

அந்தப் பெண்ணுக்கும் இதையே செய்தேன். அவளிடம் இருந்தது 27 அங்குலப் பெரியவர்கள் ராக்கெட். இரண்டு அங்குலம் சிறியது ஒன்றும் பச்சைப் பந்தும் கொடுத்தேன். ஒரு மாதம் கழித்தும் அவள் வலப்பக்கம் இரண்டு கையாலேயே அடித்தாள். ஸ்லோமோஷனில் இரண்டு பக்கமும் பத்துக்கு ஒன்பது முறை, பந்து தரையில் படும் முன்பே தோள் திரும்பியிருந்தது. “உனக்கு எப்படிம்மா பிடிச்சிருக்கு?” என்று கேட்டேன். “இப்படித்தான் சார். பந்து எங்க போகும்னு எனக்குத் தெரியுது” என்றாள்.

அவளுடைய அப்பாவிடம் மாற்ற வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இப்போது செவ்வாயும் வியாழனும் ஓரப் பந்துகளுக்கு இடக்கையை விட்டு ஸ்லைஸ் செய்யப் பழகுகிறாள். பேஸ்லைனுக்கு ஒரு அடி உள்ளே சாக்பீஸ் கோடு போட்டிருக்கிறேன், அதற்குப் பின்னால் போனால் அந்தப் புள்ளி அவளுக்கு இல்லை.